மணல் வாளிக்கு எதிரே எடுத்த இழை

நான் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முறைப்படி பயப்படத் தெரிந்தவன் என்பது பலருக்குத் தெரியாது. மற்றவர்கள் பாம்பைக் கண்டால் பயப்படுவார்கள். நான் பாம்பைக் காணாவிட்டால், எங்கே போய்ப் படுத்திருக்கிறதோ என்று பயப்படுகிறவன். இந்த வித்தையில் நான் தேறியது லண்டனில். அங்கே சட்டம் படிக்கத்தான் போனேன். சட்டத்தைவிட இதில்தான் எனக்கு நல்ல மார்க்கு.

ஒவ்வொரு மார்கழியிலும் பிள்ளையார் நோன்பன்று என் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள். "அந்த வாளிக்காரன் என்ன சொன்னான், மறுபடி சொல்லுங்க" என்பாள் என் வீட்டுக்காரி. சொல்வேன். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த நாளில் சிரித்தவன் நானில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், சஷ்டியும் சதயமும் கூடியிருக்கிற பொழுதில், எங்கள் நகரத்தார் வீடுகளில் இழை எடுப்போம். கோடி வேட்டியிலிருந்து உருவிய இருபத்தோரு நூலிழைகளைத் திரித்துத் திரியாக்குவோம். வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவைப் பிள்ளையார் போலப் பிடித்து, அதில் திரியைச் செருகி ஏற்றுவோம். அப்புறம் எரிகிறபடியே வாயில் போட்டு விழுங்கிவிடுவோம். ஆமாம், நெருப்போடுதான். அங்கே இருப்பவர்களில் மூத்தவர் முதலில் தான் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தன் கையால் கொடுப்பார். நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்ட எங்கள் முன்னோர் நாளுக்கு ஒரு இழையாக எடுத்து வைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கரை சேர்ந்தார்களாம். கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவர்களுக்குக் கடலே சொல்லிக்கொடுத்த நோன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனாருக்கு, எங்கள் பேச்சில் அப்பச்சிக்கு, ஒரு வருஷம் இந்த இழை தவறிப்போயிற்று. அவர் பர்மாவில் மோல்மீனுக்குப் போன கப்பல் நடுவழியில் இயந்திரம் கெட்டு நின்றுவிட்டது. கப்பலில் எங்கள் ஆட்கள் வேறு யாருமில்லை. கரை இறங்குவதற்குள் நோன்பு கழிந்துவிட்டது. அந்தப் பங்குனியில் காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஆத்தா இந்த இரண்டையும் ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை. கப்பல் நின்றதை ஒருநாள் சொல்வாள், காய்ச்சலை இன்னொருநாள் சொல்வாள். சேர்த்துப் பார்த்துக்கொள்வது கேட்கிறவன் பாடு. நான் கேட்கிறவன்.

சீமைக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் சொந்தபந்தமெல்லாம் எதிர்த்தது. ஆத்தா மட்டும் எதிர்க்கவில்லை. முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"போயிட்டு வா. நான் தடுக்கல. வருசம் தவறாம நம்ம ஆளு ஒருத்தவுக கையால இழை எடுத்துக்கிருவேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"அங்க நம்ம ஆளு யாரு ஆத்தா இருக்காக?"

"நீ போறேல்ல? உன்னையமாதிரி இன்னொருத்தன் போயிருப்பான். தேடு."

எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன். முதல் இரண்டு வருஷமும் வம்பில்லை. தேவகோட்டைக்காரர் ஒருவர் அங்கே படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர். அவர் கையால் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வருஷம் அவர் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த மார்கழியில் லண்டன் நிறைய லட்சக்கணக்கான ஜனம். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு செட்டியார்.

கார்த்திகை முழுக்கத் தேடினேன். தெருவில் தலைப்பாகை தெரிந்தால் பின்னாலேயே ஓடுவேன். ஒரு தடவை பஞ்சாபிக்காரர் ஒருவரை இரண்டு தெருவுக்குத் துரத்தி, அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே ஒரு கடைக்குள் புகுந்து, வேண்டாத குடை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒரு வக்கீல் ஆபீசில்தான் துப்புக் கிடைத்தது. மேல்முறையீடு ஒன்றுக்காக எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் நேரிலேயே வந்திருக்கிறாராம்.

போய்ப் பார்த்தேன். கோட்டையூர்க்காரர், ஐம்பது வயசிருக்கும். விடுதி அறையில் கணப்புக்கு முன்னால், வேட்டிமேல் கோட்டும் கோட்டின்மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. என்னைக் கண்டதும் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவது பதிலுக்கு, "அட, மோல்மீன்ல தவறிப்போனாகளே, அவுக மகனா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். "எடுப்போம் தம்பி, அதுக்கென்ன! நானும் எடுக்கணும்ல. ஆனா நோன்புக்கு மறுநாக் காலையில எனக்குக் கப்பலுக்குப் போற ரயிலு. இந்த ஊருக்கு வந்து கோர்ட்டையும் இந்தக் கணப்பையும் தவிர ஒண்ணும் பாக்கல. நோன்பன்னைக்குப் பகல்ல ஊரைச் சுத்திக் காட்டுவீகளாம். ஒரு டிராமாவும் பாத்துருவோம். அப்புறம் உங்க அறைக்குப் போயி இழை எடுத்துக்கிருவோம். சரிதானே?"

சரி என்றேன். அவர் இமயமலையைக் காட்டு என்றிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

இழைக்கான சாமான்களை ஆத்தா கப்பல் தபாலில் அனுப்பியிருந்தாள். ஒரு சின்னத் தகர டப்பா. உள்ளே வறுத்த மாவு, வெல்லம், ஒரு புட்டியில் நெய், உலர்ந்த ஆவாரம்பூ, திரித்த இழை இரண்டு. கூடவே அவள் சொல்லி யாரோ எழுதிய சீட்டு. கொடுக்கிறவுகளுக்கும் சேர்த்து இழை வைத்திருக்கிறேன், சஷ்டி அன்று இரவு ஒன்பதே முக்கால் வரைக்கும் இருக்கிறது, அதற்குள் எடுத்துக்கொள் என்று. ஒன்பதே முக்கால்! தாராளம். மூன்று வருஷம் இங்கிலீஷ் சட்டம் படித்த மூளை, சாயங்காலம் ஆறு மணி என்று குறித்துக்கொண்டது.

நோன்பன்று காலை புறப்படும்போது ஒரு யோசனை. டப்பாவை அறையில் வைத்துவிட்டுப் போய், வீடு தீப்பற்றிக்கொண்டால்? தீப்பற்ற வைக்கவேண்டிய சாமான் தீப்பற்றிவிடுமே என்று பயந்து அதைக் கூடவே தூக்கிக்கொண்டு போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஓவர்கோட்டின் இடது பையில் போட்டேன். பத்தடிக்கு ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டேன். நெஞ்சுவலிக்காரன் என்று நினைத்து பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள்.

முதலில் ஆற்றங்கரைக் கோட்டைக்குப் போனோம். ராஜாக்களின் கிரீடங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் இடம். சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கோட்டையூர் அண்ணன் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நகைக்கடையில் நிற்கிறமாதிரி நின்றார்.

"நடுக்கல்லு நல்ல கல்லு. சுத்தி இருக்கிறதுல ரெண்டு மூணு சுமார்தான். எவனோ ஏமாத்திக் குடுத்திருக்கான்."

"அண்ணே, மெதுவா. காவக்காரன் பாக்கிறான்."

"அவனுக்குத் தமிழ் தெரியுமா?"

"உங்க முகத்தப் பாத்தாலே தெரிஞ்சுக்கிருவான்ணே."

கோட்டை முற்றத்தில் நின்று இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "இப்ப எங்க வீட்டுல பணியாரம் ஊத்த ஆரம்பிச்சிருப்பாக" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காலை பதினோரு மணிக்கா பணியாரம் ஊற்றுவார்கள்? நோன்பென்று இருவருமே ஒன்றும் சாப்பிடவில்லை. பசி மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து பாதாள ரயில். இறங்குகிற இடத்தில் நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் அண்ணன் நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டமும் நின்றது.

"இது என்ன தம்பி, படி தானாப் போகுது?"

"ஏறி நின்னாப் போதும்ணே. அதுவே கொண்டுபோய் விட்டுரும்."

"கொண்டுபோய் விட்டுரும் சரி. எங்குட்டு விடும்?"

பின்னால் நின்ற தொப்பிக்காரர்கள் இருமத் தொடங்கினார்கள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளத்தில் இறங்குகிற மாதிரி வலது காலை வைத்தார். நான் வேட்டி நுனி படியிடுக்கில் மாட்டி, மனிதர் உள்ளே போய், எனக்கு இழை கொடுக்க ஆளில்லாமல் போவதுவரை ஒரு முழுக் கதையைப் பார்த்து முடித்தேன். அவர் கீழே போய்ச் சேர்ந்து, "நல்லாருக்கே! மறுபடி ஒருதரம் போவமா?" என்றார்.

ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. அக்கரை தெரியவில்லை. அண்ணன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். முகம் கனிந்துவிட்டது.

"இப்ப வீட்டுல இழை எடுத்துக்கிட்டிருப்பாக தம்பி. எங்க கடைக்குட்டி போன வருசம்தான் அழுகாம எடுத்துச்சு."

"நமக்கு இன்னும் நேரம் இருக்குண்ணே."

"இருக்கு, இருக்கு. நீங்க படிச்சவுக, பாத்துத்தானே வச்சிருப்பீக."

பார்த்துத்தான் வைத்திருந்தேன். அதுதான் வினை.

இரண்டு மணிக்கு டிராமா. அந்த ஊரில் கிறிஸ்துமஸ் கழிந்ததும் பகலிலேயே ஆடுகிற ஒரு கூத்து உண்டு. ஆம்பளை பொம்பளை வேஷம் போடுவான். பொம்பளை ராஜகுமாரன் வேஷம் போடுவாள். பாட்டு, ஆட்டம், வாயாடல், இடையிடையே சனங்களும் சத்தம் போட்டுப் பதில் சொல்வார்கள். எனக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அட, நம்ம ஸ்பெஷல் நாடகம்! ராஜபார்ட்டு பொம்பளை, பபூன் சேலை கட்டியிருக்கான். அவ்வளவுதானே?"

அதோடு ஒரு குதிரையும் வந்தது. துணிக் குதிரை. உள்ளே இரண்டு பேர். முன்கால் ஒருவன், பின்கால் ஒருவன். முன்கால் இடப்பக்கம் போனால் பின்கால் வலப்பக்கம் போகும். அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் திடீரென்று கவலையாகிவிட்டார்.

"பின்கால்காரன் பாவம் தம்பி. நாள் பூரா குனிஞ்சே இருக்கான். முகத்தையும் எவனும் பாக்கிறதில்ல."

கதையில் குதிரைக்குச் சொந்தக்காரியான கிழவி, அதாவது சேலை கட்டிய பபூன், கடன்பட்டுவிட்டாள். கடன்காரன் குதிரையை ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைகண்ணி வியாபாரம், ஜாமீன், ஜப்தி என்று முப்பது வருஷம் பார்த்த மனிதர். அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, கடிகாரத்தை எடுத்தார். மேடை வெளிச்சத்தில் அது என் கண்ணுக்கு நேராக இருந்தது.

மணி ஒன்பது.

"கடியாரம் கெட்டுப்போச்சாண்ணே?"

"நல்லா ஓடுதே. ஒம்பது. எங்க வீட்டுல பிள்ளைக இந்நேரம் தூங்கியிருக்கும்."

"மணி மூணரைதான் இருக்கும்ணே!"

"அது இந்த ஊரு மணி. இது நம்ம ஊரு மணி. பம்பாய்ல கப்பல் ஏறுனதிலிருந்து நான் மாத்தவே இல்லையே. வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியணும்ல?"

பணியாரம் இப்போது புரிந்தது. பாலத்தில் இழை எடுத்ததும் புரிந்தது. சஷ்டி என்பது நிலா நடக்கிற கணக்கு. லண்டனுக்கு ஒரு நிலா, காரைக்குடிக்கு ஒரு நிலா என்று இரண்டு இல்லை. ஆத்தா சொன்ன ஒன்பதே முக்கால் எங்கள் ஊர் ஒன்பதே முக்கால். அங்கே முடிந்தால் இங்கேயும் முடிந்தது. நான் ஆறு மணிக்கு இழை எடுத்தால், தீர்ந்துபோன திதியில் வெறும் திரியைத் தின்னவேண்டியதுதான்.

டிராமாச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டேன். ஐந்தரை மணி வித்தியாசம். கூட்டுவதா, கழிப்பதா? கூட்டினேன், ஒரு விடை வந்தது. கழித்தேன், இன்னொன்று வந்தது. கழித்ததில் சஷ்டி தீர இன்னும் அரை நாள் இருந்தது. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தேன், பாருங்கள்! அப்புறம் அறிவு வந்தது. என் அறை ஊருக்கு வெளியே இருக்கிறது. இந்தப் பனியில் பஸ் நகராது. இருந்தது முக்கால் மணிக்கும் குறைவு. அப்பச்சியின் கப்பல் நடுக்கடலில் நின்றது. என் கப்பல் டிராமாக் கொட்டகையில் நின்றுவிட்டது. போதாததற்கு, வருவது பங்குனி. நான் இங்கே தவறவிட்டால், பங்குனியில் அது யாரைத் தேடிப் போகும்? வீட்டில் இருப்பது ஆத்தா ஒருத்திதான்.

"அண்ணே, எந்திரிங்க."

"இருங்க தம்பி. ஏலம் போயிக்கிட்டிருக்கு."

"சஷ்டி போயிக்கிட்டிருக்குண்ணே!"

காதில் விஷயத்தைச் சொன்னேன். பின்வரிசைக்காரர் உஸ் என்றார். அண்ணன் மேடையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். பத்துப் பேர் முழங்காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

எங்கே வைத்து எடுப்பது? தெருவுக்கு ஓடினேன். பனியும் ஈரமும் கலந்த காற்று, தீக்குச்சி பற்றாது. திரும்பி உள்ளே ஓடினேன். கை கழுவுகிற அறை ஒன்று கண்ணில் பட்டது. கதவைத் திறந்ததும் அண்ணன் பின்வாங்கினார்.

"கக்கூஸ்லயா பிள்ளையார வைக்கச் சொல்றீக?"

நியாயம்தான். நடையில் இன்னும் உள்ளே போனோம். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. சுவரோரம் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் மணல். ஒரு வெந்நீர்க்குழாய். ஆள் யாருமில்லை. பிள்ளையாரே காட்டிய இடம் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து கீழே உட்கார்ந்தேன். குளிரில் நெய் உறைந்து கல்லாகியிருந்தது. புட்டியை வெந்நீர்க்குழாயில் சாய்த்து வைத்துவிட்டு, வெல்லத்தைப் பல்லால் கடித்து உடைத்தேன்.

"எச்சி பண்ணாதீக!" என்று அண்ணன் அதட்டினார். கடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்ச வெல்லத்தை ஜோட்டுக் குதிகாலால் உடைக்கப் போனேன். அதற்கும் அதட்டினார். கடைசியில் டப்பா மூடியால் அவரே நிதானமாக உடைத்தார். அந்த மனிதரின் நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

நெய் இளகியது. மாவைப் பிசைந்தார். இரண்டு பிள்ளையார்களைப் பிடித்து, திரிகளைச் செருகி, ஆவாரம்பூவை மேலே வைத்தார். "கிழக்கு எங்குட்டு தம்பி?" என்றார். அந்த ஊரில் மூன்று வருஷமாகச் சூரியனையே சரியாகப் பார்க்காதவனிடம் கேட்கிற கேள்வியா அது?

அப்போது கதவு திறந்தது. பித்தளைப் பொத்தானும் பெரிய மீசையுமாக ஒருவர் நின்றார். கொட்டகையின் தீயணைப்புக்காரர். அது அவருடைய அறை. தன் மணல் வாளிகளுக்கு நடுவே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரும் கோட்டுக்காரன் ஒருவனும் சம்மணமிட்டு உட்கார்ந்து, திரி செருகிய எதையோ பற்றவைக்கத் தயாராக இருப்பதைப் பார்த்தார்.

"இங்கே என்ன நடக்கிறது?"

எனக்குத் தெரிந்த சட்ட இங்கிலீஷ் முழுவதும் வெளியே வந்தது. மதச் சடங்கு, பிரஜைகளின் உரிமை, சஷ்டி, என் தாயார், நிலா, கோட்டையூர் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதைப் பற்றவைக்கப் போகிறீர்களா?"

"ஆமாம் ஐயா."

"ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற கொட்டகையில்?"

"ஒரு நொடிதான் ஐயா. உடனே அணைத்துவிடுவோம்."

"எப்படி அணைப்பீர்கள்?"

"தின்றுவிடுவோம்."

மீசை அசையவில்லை. என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எல்லாம் புரிந்தவர்போல வாயைத் திறந்து விரலால் உள்ளே சுட்டிக்காட்டினார். தீயணைப்புக்காரர் கதவைச் சாத்தினார். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரிலிருந்து ஒரு மணல் வாளியைக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எங்களுக்கு எதிரே வந்து நின்றார்.

"இத்தனை வருஷத்தில் தீயை எல்லாவிதமாகவும் அணைத்திருக்கிறேன். இதைப் பார்க்கவேண்டும். ஆனால் ஒரு பொறி கீழே விழுந்தாலும் இந்த வாளி உங்கள் தலையில்."

"கிழக்கு எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டேன். வாளியோடு தலையை அசைத்து, தான் நிற்கிற பக்கத்தையே காட்டினார். என் சட்டைப் பையில் தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. தீயணைக்கிறவரே தன் பையைக் கண்ணால் காட்டினார். அதிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன்.

அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார். முதல் திரியை ஏற்றித் தன் வாயில் போட்டுக்கொண்டார். மீசைக்காரர் மூச்சை இழுத்தார். இரண்டாவது திரியை ஏற்றினார். அந்த நேரம் பார்த்து மேடைப் பக்கம் எவனோ ஒரு கதவைத் திறந்தான். காற்று உள்ளே அடித்தது. சுடர் படுத்து, நீலமாகி, நூலில் ஒட்டிக்கொண்டு துடித்தது.

"தம்பி, வாயைத் திறங்க!"

திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். நாக்கில் சுரீரென்றது. விழுங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது வாளி என் நெற்றிக்கு நேரே இருந்தது. அவர் என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, வாளியை மெல்லக் கீழே வைத்தார். "அணைந்துவிட்டது" என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, டப்பாவில் மிஞ்சிய மாவில் ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்தார். அவர் முதலில் அதில் திரி இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் தின்றார்.

வெளியே வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வாசல் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது, அதாவது நம் ஊரில் ஒன்பது ஐம்பது. அண்ணனின் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. ஒன்றின்படி சஷ்டி போய்விட்டது. மற்றொன்றின்படி இருக்கிறது. அந்த அறையில் மாவு தின்றுகொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்? தெரியாது. இரண்டில் எது சரி? தெரியாது.

"உங்க கடியாரம் சரியாத்தானேண்ணே ஓடும்?"

"ஏடன்ல ஒருதரம் சாவி குடுக்க மறந்து நின்னுபோச்சு. அப்புறம் குத்துமதிப்பா வச்சேன். நல்லாத்தான் ஓடுது."

குத்துமதிப்பு! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று மாதம் நான் குடித்தனம் நடத்தினேன்.

மறுநாள் அண்ணன் ரயிலேறினார். "அந்தக் குதிரைய யாரு எடுத்தான்னு தெரியலையே தம்பி" என்பதுதான் அவர் ஜன்னல் வழியாகச் சொன்ன கடைசி வார்த்தை. எனக்கு நாக்கில் கொப்புளம். அந்த ஊரில் சட்டம் படிக்கிறவன் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டாகவேண்டும். அதுவும் படிப்பில் சேர்த்தி. நான் சூப்பைக் கண்டால் கண்ணீர் விட்டேன். தாயகத்தை நினைத்து அழுகிறான் என்று பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கொப்புளம் ஆறிற்று. பங்குனி வந்தது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் தந்திச் சேவகனோ என்று திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பேன். ஊரிலிருந்து கடிதம் வந்தால், முகவரியின் கையெழுத்து நேராக இருக்கிறதா, நடுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஆத்தா நலம் என்றுதான் எல்லாக் கடிதமும் சொல்லிற்று. கப்பலில் அது வந்து சேருகிற நாட்களுக்குள் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாமே! நான் சும்மாவா பயப்படுவேன்?

பங்குனி பாதியில் ஒரு தந்தி வந்தது. வீட்டுக்கார அம்மாள் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தேன். ஆத்தாவுக்காக மொட்டை அடிக்கவேண்டிவந்தால் இங்கே யார் அடிப்பார்கள் என்றுகூட யோசித்தேன். உட்கார்ந்து அழுதேன். பொறுக்கமாட்டாமல் அந்த அம்மாளே பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு இன்னொருதரம் படித்தாள். அவளுக்கு விளங்கவில்லை. வியாபாரத்துக்காக ரங்கூன் போயிருந்த அண்ணன் அங்கிருந்து அடித்த தந்தி. தீர்ப்பு எப்போது என்று வக்கீலிடம் விசாரிக்கவும். குதிரையை ஏலத்தில் எடுத்தவர் யார் என்றும் தெரிவிக்கவும்.

கூத்து அதற்குள் ஓடி முடிந்துவிட்டது. வக்கீலிடம் விசாரித்துப் பதில் தந்தி அடித்தேன். குதிரையை எடுத்தது கோட்டையூர்ப் பார்ட்டி என்றும் சேர்த்தேன்.

படிப்பு முடிந்து ஆவணியில் ஊர் வந்தேன். பாரிஸ்டர் வந்திருக்கிறார் என்று முகப்பு நிறைய ஆட்கள். கோட்டும் டையுமாக உள்ளே போனேன். ஆத்தா இரண்டாங்கட்டிலிருந்து வந்தாள். இளைத்திருந்தாள், மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். கப்பல், படிப்பு, சாப்பாடு எதையும் கேட்கவில்லை.

"போன நோன்புக்கு இழை எடுத்தியா?"

"எடுத்தேன் ஆத்தா. கோட்டையூர் அண்ணன் ஒருத்தவுக கையால."

நேரத்தைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். மாதக்கணக்கில் லண்டனிலும், அப்புறம் கப்பலிலுமாகத் தயார் செய்துவைத்த பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இரண்டு கடிகாரத்தையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். அவள் நேரத்தைக் கேட்கவில்லை.

"அணையாம வாய்க்குள்ள போச்சா?"

இதை நான் நினைக்கவே இல்லை. சுடர் நீலமாகப் படுத்ததுவரை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை மாதமாக நான் தவறான இடத்தில் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்! புதிதாகப் பயப்பட ஆரம்பித்தேன்.

"நாக்கு சுட்டுச்சு ஆத்தா" என்றேன். "கொப்புளம் போட்டுச்சு."

"நாக்க நீட்டு."

"அது ஆறி எட்டு மாசமாச்சு..."

"நீட்டுன்னா."

முகப்பில் பாரிஸ்டரைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டை கட்டிய பாரிஸ்டர் நாக்கை நீட்டினான். ஆத்தா என் மோவாயைப் பிடித்து, முற்றத்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தாள். எட்டு மாசத்துக்கு முந்தின கொப்புளத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. மோவாயை விட்டுவிட்டு, சுவரில் இருந்த அப்பச்சி படத்தின் பக்கம் திரும்பி ஒருதரம் கும்பிட்டாள்.

"சரி, போய்க் குளி" என்றாள். "பணியாரம் ஊத்தப்போறேன்."